திரும்பி வராத வாளிகள்

பேராக் மாநிலத்தில் ரப்பரின் வரலாறு கோலகங்சாரில் தொடங்குகிறது. அங்கு 1877ஆம் ஆண்டில் சில ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. அவற்றுள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அன்று பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணினியின் முன் அமர்ந்து கல்வி கற்கின்றனர். எனினும், கணினி வல்லுநர்களை வாட்டும் ஒரு சிக்கலைப் புரிந்துகொள்ளப் பழைய தோட்டத்து ஸ்டோர் துணைபுரியும்.

ஒரு தோட்டத்து ஸ்டோரில் 200 வாளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொழிலாளர்கள் காலையில் வாளிகளை வாங்கிச் செல்வர். பாலை நிறுத்துக் கொடுத்த பின் அவற்றைத் திருப்பிக் கொடுப்பர். கிராணி இரண்டையும் ஏட்டில் குறிப்பார். ஒரு நாள் வேலையின் நடுவில் மழை பிடித்துக்கொள்கிறது. நனைந்தபடி ஓடிய தொழிலாளி ஒருவர், ஸ்டோருக்குச் செல்லாமல் நேரே வீட்டுக்குப் போய்விடுகிறார். அவர் கொண்டு சென்ற வாளி காட்டிலேயே கிடக்கிறது. ஏட்டில் அது ‘கொடுக்கப்பட்டது’ என்றே இருக்கிறது. ஆனால், அது யாரிடமும் இல்லை. ஒரு வாளி குறைந்ததை யாரும் பெரிதாக எண்ணமாட்டார்கள். ஒவ்வொரு மழை நாளிலும் இவ்வாறு நடந்தால், ஒரு காலைப்பொழுதில் ஸ்டோரில் ஒரு வாளிகூட இராது.

கணினியிலும் இதுவே நடக்கிறது. ஒரு நிரல் வேலை செய்யும்போது நினைவகத்தில் சிறிது இடத்தைக் கேட்டுப் பெறுகிறது. வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால், அந்த இடம் எவருக்கும் பயன்படாமல் முடங்கிவிடும். இதனையே ‘நினைவகக் கசிவு’ என்பர்.

இக்கசிவு எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இலண்டனில் நடந்த ஒரு நிகழ்வு சான்றாகும். அந்நகரின் ஆம்புலன்ஸ் சேவை 1992ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் புதிய கணினி முறைக்கு மாறியது. நவம்பர் 4ஆம் நாள் அதிகாலை 2 மணிக்குப் பின் அந்தக் கணினி மந்தமானது. சற்று நேரத்தில் முற்றாக நின்றுபோனது. மீண்டும் இயக்க முயன்றும் பலனில்லை. ஊழியர்கள் தாளையும் தொலைபேசியையும் கொண்டு ஆம்புலன்ஸ்களை அனுப்ப வேண்டியதாயிற்று.

விசாரணையில் காரணம் தெரியவந்தது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன், மாற்றம் ஒன்றைச் செய்த நிரலாளர் ஒரு சிறு நிரல் துண்டைக் கவனக்குறைவால் நீக்காமல் விட்டிருந்தார். ஆம்புலன்ஸ் ஒன்றை அனுப்பும் ஒவ்வொரு முறையும் அது கோப்புச் சேவையகத்தின் நினைவகத்தில் சிறிது இடத்தை எடுத்துக்கொண்டது; திருப்பித் தரவில்லை. மூன்று வாரங்களில் நினைவகம் முழுவதும் தீர்ந்துபோனது. உயிர் காக்கும் சேவையைத் தடுமாற வைத்தது அந்தச் சிறு பிழையே.

சாதாரணச் செயலி ஒன்றில் கசிவு ஏற்பட்டால், அதனை மூடியவுடன் இயங்குதளம் அது பெற்ற இடம் முழுவதையும் மீட்டுக்கொள்ளும். இயங்குதளத்தின் உட்கருவிலேயே கசிவு இருந்தால் நிலைமை வேறு. கணினி இயங்கும் வரை உட்கருவும் இயங்கிக்கொண்டே இருக்கும். இழந்த இடம், கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும். உட்கருவின் முக்கியப் பகுதிகளுள் ஒன்று கோப்பு முறைமை. கோப்புகளைத் திறப்பது, எழுதுவது, வட்டில் தேடி எடுப்பது ஆகியவை அதன் பணிகள். ஒரு சேவையகம் நாள்தோறும் இலட்சக்கணக்கான கோப்புகளைத் திறக்கக்கூடும். ஒரு முறைக்கு 100 பைட்டுகள் கசிந்தாலும், பத்து இலட்சம் முறையில் 10 கோடி பைட்டுகள் போய்விடும்.

கோப்பு முறைமையில் கசிவைக் கண்டுபிடிப்பதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. அடிக்கடி தேவைப்படும் கோப்புகளின் விவரங்களை அது வேண்டுமென்றே நினைவகத்தில் வைத்திருக்கும். மறுநாள் வேலைக்காகப் பால் கொட்டகையில் அடுக்கி வைக்கப்பட்ட வாளிகளைப் போன்றவை அவை. கேட்டால் உடனே ஸ்டோருக்கு வந்துவிடும். ஆகவே, நினைவகப் பயன்பாடு உயர்வது மட்டும் கசிவுக்குச் சான்றாகாது. வல்லுநர்கள் முதலில் அந்தச் சேமிப்பை விடுவிக்கும்படி உட்கருவுக்குக் கட்டளையிடுவர். அதன் பின்னரும் குறையாமல், நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகும் பகுதியையே சந்தேகிப்பர்.

அடுத்த படி, ஏட்டைச் சரிபார்ப்பது. லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவில் 2009ஆம் ஆண்டு ‘கேமெம்லீக்’ எனும் கருவி சேர்க்கப்பட்டது. நினைவகத்தில் கொடுக்கப்பட்ட ஒவ்வோர் இடத்தையும், அதனைக் கேட்டுப் பெற்ற நிரல் பகுதியையும் அது குறித்துக்கொள்ளும். பின்னர், வழக்கமாகப் பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை நினைவகத்தை வருடிப் பார்க்கும். ஓர் இடத்தின் முகவரி எங்குமே காணப்படவில்லை என்றால், அதனைத் திருப்பிக் கொடுக்க யாரும் இல்லை என்பது பொருள். கிராணி ஏட்டை எடுத்துக்கொண்டு நிரை நிரையாக நடந்து, “இந்த வாளி யாரிடம் இருக்கிறது?” என்று கேட்பதைப் போன்றது இது. எனினும், இக்கருவி சில வேளைகளில் தவறாகவும் சுட்டிக்காட்டலாம். ஆதலால், இறுதி முடிவை மனிதரே ஆராய்ந்து எடுக்க வேண்டும்.

கசிவு எப்போது நுழைந்தது என்பதையும் கண்டறியலாம். நிரலில் 1000 மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தால், ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தேவையில்லை. நடுவிலுள்ள பதிப்பைச் சோதித்தால், பிழை முன்பாதியில் உள்ளதா பின்பாதியில் உள்ளதா என்பது தெரியும். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால், ஏறக்குறைய பத்தே சோதனைகளில் பிழையான மாற்றம் அகப்பட்டுவிடும்.

அப்படி அகப்படும் பிழை பல வேளைகளில் ‘மழை நாள்’ பிழையாகவே இருக்கும். எல்லாம் சரியாக நடக்கும்போது நிரல் இடத்தைத் தவறாமல் திருப்பிக் கொடுக்கும். வட்டில் கோளாறு ஏற்பட்டோ கோப்பு கிடைக்காமலோ வேலை பாதியில் நின்றால், இடத்தைத் திருப்பித் தரும் வரிகளை எட்டாமலேயே வெளியேறிவிடும். அதனைத் திருத்தப் பெரும்பாலும் ஓரிரு வரிகள் போதும்; கண்டுபிடிக்கத்தான் நாள்கணக்கில் ஆகும்.

ஆகவே, நிரல் எழுதக் கற்கும் மாணவர், “வேலை முடிந்ததும் வாளி ஸ்டோருக்குத் திரும்புமா?” என்று மட்டும் கேட்டால் போதாது. “வேலை பாதியில் நின்றாலும் திரும்புமா?” என்றும் கேட்க வேண்டும். கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் சிக்கல் தீர்ந்ததுபோல் தோன்றும். ஆனால், அது ஸ்டோருக்குப் புதிய வாளிகளை வாங்கி வைப்பது போன்றதே. அடுத்த மழையில் அவையும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.