அடிமுதுகில் ஓர் அற்புதம்

காலையில் கண் விழித்து எழுந்து நிற்கிறோம். முந்தைய இரவு படுக்கைக்குப் போனபோது இருந்ததைவிட அப்போது நாம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உயரமாக நிற்கிறோம் என்பதை எத்தனை பேர் அறிவோம்? முள்ளெலும்புகளுக்கு இடையே படைப்பு பதித்து வைத்திருக்கும் 23 வட்டுகள் பகலெல்லாம் நம் பாரத்தைச் சுமந்து நீரை இழக்கின்றன. நாம் அயர்ந்து உறங்கும் வேளையில் அதே நீரை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் நிமிர்கின்றன.

ஒரு சென்டிமீட்டர் அளவே தடிப்புள்ள இடுப்பு வட்டுக்குள் எவ்வளவு நுட்பம்! நடுவில் நீர் செறிந்த கூழ். அதைச் சுற்றி 15 முதல் 25 அடுக்குகளாக நார் வளையங்கள். ஓர் அடுக்கின் நார்கள் வலமாகச் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் இடமாகச் சாய்கின்றன. குனிந்தாலும் திரும்பினாலும் ஏதோ ஒரு வரிசை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இத்தனை உழைக்கும் வட்டின் உட்பகுதிக்கு இரத்தக் குழாய் கிடையாது என்பதுதான் என்னை மெய்சிலிர்க்க வைக்கிறது. மேலேயும் கீழேயும் உள்ள மெல்லிய தகடுகளின் வழியே கசிந்து வருவதே அதன் உணவு. அந்தச் சொற்ப உணவில் அது ஓர் ஆயுள் முழுக்கச் சுமக்கிறது.

இந்த அமைப்பு நடப்பதற்கும் குனிந்து நிமிர்வதற்கும் ஏற்றது. நடக்கும்போது எழும் அதிர்ச்சியைக் கணுக்காலும் முழங்காலும் முதலில் வாங்கிக்கொள்கின்றன. டிராக்டர் இருக்கையில் அமர்ந்தவருக்கு அந்தத் துணை இல்லை. காய்ந்த மண்கட்டிகளின் மேல் ஏறி இறங்கும் இயந்திரத்தின் குலுக்கல் நேரே அடிமுதுகுக்கு ஏறுகிறது. அமர்ந்திருக்கும் உடலுக்கென்று ஒரு தாளம் உண்டு. நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 அதிர்வுகள். வெளியிலிருந்து வரும் குலுக்கலும் அதே வேகத்தில் வந்தால், இருக்கை ஆடுவதைவிட முதுகெலும்பு அதிகமாக ஆடிவிடுகிறது. உழவு டிராக்டரின் குலுக்கல் பெரும்பாலும் அந்த எல்லையில்தான் விழுகிறது. தாங்கிப் பிடிக்க விரையும் முதுகுத் தசைகளோ ஒரு கணம் பிந்திவிடுகின்றன. பிறகு களைத்தும் போகின்றன. போதாததற்கு, கலப்பையைப் பார்க்க ஓட்டுநர் மணிக்கணக்கில் பின்னால் திரும்பியே இருக்கிறார். ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது வட்டு தேய்கிறது, பிதுங்குகிறது. இடுப்பில் தொடங்கும் வலி கால்வரை இறங்குகிறது.

உடலுக்குள்ள இந்த எல்லையை மதித்து, ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் தொழிலிட அதிர்வுக்கே சட்ட வரம்பு வகுத்தது. நம் வயல்களில் அந்தக் காவலை நாமே ஏற்க வேண்டியிருக்கிறது. உழவர்களே, ஓட்டுநர்களே, ஸ்பிரிங் தளர்ந்த இருக்கையை இந்தப் பருவமே மாற்றுங்கள். மேடுபள்ளத்தில் வேகத்தைக் குறையுங்கள். இடையிடையே இறங்கிச் சற்று நடங்கள். வண்டியை நிறுத்தி இறங்கிய கையோடு உர மூட்டையை மட்டும் தூக்காதீர்கள். குலுங்கிக் களைத்த முதுகுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டுத் தூக்குங்கள்.