உலக்கை நின்ற காலை
(தொடர் – 7)

சென்ற வாரம் பஞ்சாங்கத்தில் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் எங்கள் வீட்டு முற்றத்துக்குப் போகலாம்.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. கங்கண சூரிய கிரகணம். திண்டுக்கல் பக்கம் எங்கள் வீட்டில் காலை 8 மணிக்கே கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது. அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. கர்ப்பகாலச் சர்க்கரைக்காக இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாள். கிரகணம் விடும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்று அப்பத்தா சொல்லிவிட்டார்.

பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்திக் கையை எடுத்தார். ஆடாமல் நின்றது. "பாத்தியா, பிடிச்சிருச்சு. விட்டதும் தானா விழுந்துரும்" என்றார்.

11 மணி வாக்கில் அக்காவுக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. அம்மாதான் மாமியாரை மீறிச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். நான் வாய் திறக்கவில்லை. அது என் தப்பு.

கிரகணம் விட்டது. உலக்கை விழவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் சித்தப்பா மகள் மதியம்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பத்தா, நாளைக்கும் நிறுத்திப் பாப்பமா?" அப்பத்தா கோபிக்கவில்லை. மறுநாள் தாம்பாளத்தைத் துலக்கி அவரே எடுத்து வந்தார். இரண்டு முறை சாய்ந்தது, மூன்றாம் முறை நின்றது. அடியிலிருந்த இரும்புப் பூண் தேய்ந்து தட்டையாகியிருந்தது. உலக்கையின் எடை அந்தப் பூண் வட்டத்துக்குள் இறங்கும்வரை அது எந்த நாளும் நிற்கும். பூணை விரலால் தடவிப் பார்த்த அப்பத்தா, "அப்ப இது உலக்கையோட குணந்தான்" என்றார். பிறகு வழக்கம்போலக் குளித்து விளக்கேற்றினார். அவர் சாமி எங்கும் போய்விடவில்லை.

ராகு வாயில் அல்ல, சந்திரனுக்குப் பின்னால்தான் சூரியன் மறைகிறது என்று ஆரியபட்டர் 499-லேயே எழுதிவிட்டார். 1825-ல் புதுச்சேரிப் பக்கம் ஒரு தமிழ்க் கணியர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாட்டை வைத்தே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடங்கும் நேரத்தில் பிழை சில நிமிடங்கள்தான். கணக்கும் பக்தியும் நம் வீடுகளில் நெடுங்காலம் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தவை. அதனால் குளிப்பதிலும் கும்பிடுவதிலும் எனக்கு வழக்கில்லை. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்காதே என்று அப்பத்தா சொன்னதும் முழுக்கச் சரி. நம்பிக்கை இன்னொருவர் வயிற்றைக் காயப்போடும் இடத்தில் மட்டும் குறுக்கே நின்றாக வேண்டும்.

2027 ஆகஸ்ட் 2 மாலை நம் ஊரில் அடுத்த பகுதி சூரிய கிரகணம் தெரியும். அன்று உங்கள் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், வேளைக்குச் சோறு போடுங்கள்.