பேச்சுவாக்கில் கிடைப்பது

சேர்வராயன் மலையில், ஏற்காட்டைத் தாண்டிக் காபித் தோட்டங்களுக்கு ஊடே போனால் கரடியூர் வரும். மார்ச் மாதக் காலை ஒன்றில், அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் எழுபதைக் கடந்த இருவர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். "ஏப்பா, மழ என்னிக்குப் பேஞ்சுது?" "போன வியாழக்கெழம." "அப்ப வர்ற சனி, ஞாயிறுல காபி பூத்துரும்." தேன் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கடந்து போகிறார். அவரிடம் விலை கேட்கிறார்கள். பேச்சு அவருடைய பேரனின் படிப்புப் பக்கம் திரும்புகிறது. எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் இரண்டு மூளைகள் செய்திருக்கும் வேலை கொஞ்சநஞ்சமில்லை.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு இடையே எவ்வளவு நேரம் போகிறது? நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தில் டான்யா ஸ்டிவர்ஸும் உடனிருந்தவர்களும் பத்து மொழிகளின் அன்றாட உரையாடல்களைப் பதிவுசெய்து அளந்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஜப்பானியர் சற்று வேகம், டேனிஷ்காரர் சற்று நிதானம். சராசரி, ஏறக்குறைய 0.2 விநாடி. தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவாகச் சொன்ன கண்ணிமைக்கும் நேரம்தான் இது.

இதில் ஒரு கணக்கு உதைக்கிறது. ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், ஒற்றைச் சொல் வாய்க்கு வரவே சுமார் 0.6 விநாடி ஆகிறது. அப்படியிருக்க, 0.2 விநாடியில் ஒரு முழு வாக்கியத்தை எப்படித் தொடங்குகிறோம்? அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதில் தயாராகிவிடுகிறது. அவர் என்ன சொல்ல வருகிறார், எந்த இடத்தில் முடிப்பார் என்று மூளை முன்கூட்டியே கணிக்கிறது. காதில் விழுவதை வைத்து அந்தக் கணிப்பைத் திருத்திக்கொண்டே போகிறது. கேட்பது, கணிப்பது, சொல் தேடுவது, மூச்சை இழுத்து நிறுத்துவது எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கின்றன. வெட்டிப்பேச்சு என்று நாம் ஒதுக்குவது, மூளை செய்யும் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று.

கணிப்பு இன்னும் ஆழமாகப் போகிறது. 2010-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசனின் குழு, கதை சொல்பவரின் மூளையையும் அதைக் கேட்பவர்களின் மூளைகளையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டது. சொல்பவரின் மூளையில் தோன்றிய செயல்பாடு, ஓரிரு விநாடி கழித்துக் கேட்பவரின் மூளையிலும் அதே பகுதிகளில் தோன்றியது. இதை மூளை ஒத்திசைவு எனலாம். சில பகுதிகளில் நேரம் தலைகீழானது: கேட்பவரின் மூளை, சொல்பவருக்கு முன்னால் ஓடியது! யாருடைய மூளை அப்படி முந்திப் போனதோ, அவரே கதையை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். கேட்பவருக்குத் தெரியாத ரஷ்ய மொழியில் கதை ஒலித்தபோது அந்த ஒத்திசைவு அறுந்துபோனது.

இனி, காபி பூக்கும் நாளை அந்தப் பெரியவர் எப்படிச் சொன்னார் என்று பார்ப்போம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலையில் காபியை ஊன்றினார். அன்றிலிருந்து இங்குள்ளவர்களின் ஆண்டுக் கணக்கு காபியைச் சுற்றித்தான் ஓடுகிறது. காபிச் செடியின் மொட்டுகள் வறண்ட மாதங்களில் உறங்கிக் கிடக்கும். ஒரு நல்ல கோடை மழை விழுந்தால் விழித்துக்கொள்ளும். ஏறக்குறைய ஒன்பது, பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாக விரியும். பெரியவர் விரல் விட்டு எண்ணவில்லை. ஐம்பது, அறுபது கோடைகளின் மழைகளும் பூக்களும் அவர் மூளையில் ஒரே கோலமாகப் படிந்துவிட்டன. "வியாழக்கெழம" என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் விடை தானாக வந்து நிற்கிறது.

ரேமண்ட் காட்டெல் என்ற உளவியலாளர் 1940-களிலேயே அறிவை இரண்டாகப் பிரித்தார். புதிய சிக்கலை அந்த நொடியில் அவிழ்க்கும் திறன் பாயும் அறிவு. வாழ்ந்து வாழ்ந்து சேர்த்துவைத்தது படிந்த அறிவு. முன்னது இளமையிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. பின்னதோ முதுமையிலும் வளர்கிறது. ஜோஷுவா ஹார்ட்ஷோர்னும் லாரா ஜெர்மைனும் ஏறக்குறைய 48,000 பேரைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட முடிவு இதை இன்னும் நுணுக்கமாகக் காட்டியது. குறிகளை வேகமாகப் பொருத்தும் திறன் 18, 19 வயதில் உச்சத்தில் இருக்கிறது. பிறர் கண்களைப் பார்த்து மனநிலையை ஊகிக்கும் திறன் நாற்பதுகளில், ஐம்பதுகளில் உச்சம் பெறுகிறது. சொல்வளம் அறுபதுகளின் கடைசியில், எழுபதின் தொடக்கத்தில்தான் உச்சத்துக்கு வருகிறது. எல்லாத் திறன்களும் ஒரே சமயத்தில் உச்சத்தில் இருக்கும் வயது என்று ஒன்று இல்லவே இல்லை.

பெயர்கள் மறந்துபோகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான், முகம் தெரியும், ஊர் தெரியும், பெயர் மட்டும் நாக்கு நுனியில் வந்து நிற்கும். காரணம் பெயரின் இயல்பிலேயே இருக்கிறது. 'மிளகு' என்றால் காரம், கொடி, ரசம், அது படர்ந்து ஏறும் சில்வர் ஓக் மரம் என்று ஏராளமான இழைகள் அந்தச் சொல்லைப் பிடித்திருக்கின்றன. ஓர் ஆளின் பெயருக்கும் அவருக்கும் இடையே இருப்பது ஒற்றை இழை. வயதாக ஆக, பொருளை ஒலியோடு இணைக்கும் இழைகள் மெலியும்போது முதலில் விட்டுப்போவது அதுதான். மனிதர் மறந்துபோகவில்லை; அவர் பெயரின் ஒலிக்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. டூபிங்கன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ராம்ஸ்காரும் குழுவினரும் 2014-இல் இன்னொரு கோணத்தைக் கொடுத்தார்கள். கணினி மாதிரி ஒன்றுக்கு மேலும் மேலும் சொற்களைக் கற்றுக்கொடுத்தபோது, அது முதியவர்களைப் போலவே மெதுவாகப் பதில் சொல்லத் தொடங்கியது. அதில் எந்தப் பழுதும் வைக்கப்படவில்லை. தேட வேண்டிய சேமிப்பு பெருகியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு புதிர். கூடு, மொழி, மலை. இந்த மூன்றோடும் ஒட்டும் ஒரே சொல் எது? சார்னாஃப் மெட்னிக் என்பவர் 1962-இல் உருவாக்கிய தேர்வு வகை இது. யோசித்துக்கொண்டே படியுங்கள்.

இளம் மூளைக்குக் கவனத்தில் ஒரு வடிகட்டி இருக்கிறது. வேலைக்கு வேண்டாததை மண்டியாக மேலே நிறுத்திவிடும். வயதாகும்போது அந்த வடிகட்டியின் கண்கள் பெரிதாகின்றன. பக்கத்து பெஞ்சின் பேச்சு, ரேடியோ, தெருவில் போகிறவர் என எல்லாம் உள்ளே இறங்குகிறது. "தாத்தா ஒரு விஷயத்தைத் தொடங்கி எங்கெங்கோ போயிடுறார்" என்று வீட்டில் சொல்வது இதைத்தான். பல ஆண்டுகளாக விஞ்ஞானிகளும் இதைக் குறையாகவே எழுதிவந்தார்கள். 2007-இல் டொரண்டோவைச் சேர்ந்த லின் ஹாஷரும் சகாக்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களும் முதியவர்களும் ஒரு பத்தியைப் படித்தார்கள். நடுநடுவே வேறு எழுத்து வடிவில் சம்பந்தமில்லாத சொற்கள் இருந்தன. அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பிறகு, மூன்று சொல் புதிர்களைக் கொடுத்தார்கள். அவற்றில் சிலவற்றின் விடைகள், பொருட்படுத்த வேண்டாம் என்ற அந்தச் சொற்களே. மாணவர்களுக்கு அவை எந்த உதவியும் செய்யவில்லை. முதியவர்களோ அந்தப் புதிர்களைக் கூடுதலாக அவிழ்த்தார்கள். வேண்டாம் என்று தள்ளப்பட்டது அவர்கள் மூளைக்குள் இறங்கியிருந்தது. தேவை வந்தபோது விடையாக மேலே வந்தது.

நம் புதிரின் விடை தேன். தேன்கூடு, தேன்மொழி, மலைத்தேன். முதல் பத்தியில் பாட்டில்களோடு கடந்துபோனவரை நீங்கள் கவனித்திருக்கலாம், கவனிக்காமலும் போயிருக்கலாம்.

அறுபதாண்டுச் சேமிப்பு ஒரு பக்கம், தாராளமாகத் திறந்த வடிகட்டி மறுபக்கம். இவை இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் "அட!" என்று ஒன்று தோன்றுகிறது என்பது என் எண்ணம். அந்த "அட!" தோன்றும் நொடியையும் படம் பிடித்திருக்கிறார்கள். மார்க் பீமன், ஜான் கூனியோஸ் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், விடை சட்டென்று தோன்றியதாக ஒருவர் உணர்வதற்குச் சுமார் 0.3 விநாடிக்கு முன், வலது காதுக்குச் சற்று மேலே உள்ள பகுதியில் காமா அலை என்ற வேகமான மின்துடிப்பு வெடித்தெழுந்தது. தொலைவான பொருள்களைக் கோத்துப் பார்க்கும் பகுதி அது. அதற்கும் ஒரு விநாடி முன்பு, பார்வையைக் கவனிக்கும் பின்மண்டையில் ஆல்ஃபா என்ற நிதானமான அலை பரவியது. உள்ளே எழும் மெல்லிய யோசனை கேட்பதற்காக, வெளியே இருந்து வரும் காட்சியை மூளை கண நேரம் தணித்துவைக்கிறது. பேச்சின் நடுவே பெரியவர்கள் முகட்டையோ தூரத்து மலையையோ வெறித்துப் பார்த்தால் பொறுத்திருங்கள். அங்கே ஏதோ உருவாகிக்கொண்டிருக்கலாம்.

யாரோடு பேசினால் புதிதாகக் கிடைக்கும்? மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஓர் எதிர்பாராத விடையைத் தந்தது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் கிடைத்தது என்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். எப்போதாவது பார்ப்பவர், மிக அரிதாகப் பார்ப்பவர் மூலம் கிடைத்ததே மிகுதி. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. அரைகுறைப் பழக்கமுள்ளவர்தான் வேறோர் உலகத்துச் சேதியைக் கொண்டுவருகிறார்: மருந்துக்கடைக்காரர், ரேஷன் வரிசையில் முன்னால் நிற்பவர், சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நம்மோடு ஏறிவரும் பஸ் பயணி. அந்தப் பயணியிடம் பேசத் தயங்குகிறோம். சிகாகோவில் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவரோடு பேசினால் பயணம் கெட்டுவிடும் என்றே ரயில் பயணிகள் கணித்தார்கள். உண்மையில் பேசிய பயணிகளுக்குத்தான் பயணம் இனிமையாகக் கழிந்தது.

பேசும் மொழி ஒன்றுக்கு மேல் என்றால் இன்னும் நல்லது. சேலம் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, வெளியே தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைய. அப்படிப்பட்டவர்களின் மூளை, ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு மொழியை அடக்கிவைத்து மற்றதை எடுக்கப் பழகியது. சுவர்ணா அல்லாடியின் குழு ஹைதராபாத்தில் 648 நினைவிழப்பு நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் சொன்னது: இருமொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்தத் தாமதம் தெரிந்தது.

பேச்சையே மருந்தாகக் கொடுத்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஹிரோகோ டாட்ஜ் நடத்திய சோதனையில், தனிமையில் வாடிய, 75 வயதைக் கடந்த 186 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினரோடு வாரம் நான்கு முறை, அரை மணி நேரம் வீடியோவில் யாராவது பேசினார்கள். ஆறு மாதத்தில் அவர்களுடைய சிந்தனைத் திறன் மதிப்பெண், இந்த வீடியோ பேச்சு இல்லாத மற்றப் பிரிவினரைவிட உயர்ந்திருந்தது.

இத்தனையும் நுழையும் வாசல் காது. வயதாக ஆக அது தேய்கிறது. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட குழலில் ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்கு மாற்றித் தருவது இவை. அழிந்தால் மீண்டும் முளைக்காது. வாசலோரம் உள்ளவை கூர்மையான ஒலிகளுக்கானவை. அவைதான் முதலில் போகின்றன. உயிரெழுத்துகள் தாழ்ந்த, பலமான ஒலிகள். அவை காதில் விழுந்துகொண்டே இருக்கும். மெய்யொலிகளின் கூர்மைதான் தொலையும். கடை, தடை, சடை, படை நான்கும் ஒன்றுபோல் கேட்கும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னு புரியல" என்று பெரியவர்கள் சொல்வது துல்லியமான அறிவியல் வருணனை. கத்திப் பேசினாலும் பயனில்லை. கத்தும்போது பெரும்பாலும் உயிரொலிதான் பெருகுகிறது. இப்படிக் கேட்காத மனிதர் மெல்ல பெஞ்சை விட்டு எழுந்து போய்விடுகிறார். மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகின் நினைவிழப்பு நோய்களில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் மதிப்பிட்டது. அந்தப் பட்டியலில் காது கேளாமை இருக்கிறது, தனிமையும் இருக்கிறது.

ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர் இரண்டாம் முறை "என்ன?" என்று கேட்கத் தொடங்கினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போய்க் கேட்கும் திறனைச் சோதியுங்கள். கருவி வேண்டுமென்றால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். பேசும்போது முகம் பார்த்து, கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். அவரை டீக்கடைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் போகவிடுங்கள். போய்வந்து சொல்லும் கதை எங்கெங்கோ சுற்றினாலும் கடைசிவரை கேளுங்கள்.