ஹெட்போனில் கேட்கும் 'டிக்... டிக்': செர்னோபில் கேம்கள் நம்மை ஏன் இவ்வளவு பயமுறுத்துகின்றன?

ராத்திரி 11 மணி. ஆபீஸ் லேப்டாப்பை மூடியாச்சு. ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் வாடகைக்கு எடுத்திருக்கும் ஃபிளாட்டில் விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'மெட்ரோ 2033' விளையாட உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பனி மூடிய, இடிந்துபோன மாஸ்கோ. முகமூடிக்குள் உங்கள் மூச்சுச் சத்தம். அப்புறம் அந்தச் சத்தம்: டிக்... டிக்டிக்... டிக்.

ஒரு பூதம்கூட இன்னும் வரவில்லை. ஆனாலும் தோள்பட்டை இறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏன்?

அந்த 'டிக்' சத்தம் கைகர் கவுன்ட்டர் எழுப்புவது. கதிர்வீச்சு இருந்தால் காட்டிக்கொடுக்கும் கருவி. நீங்கள் குடியிருக்கும் ஏரியாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. இந்த நகருக்குப் பெயர் தந்த டாக்டர் ஏ.எஸ்.ராவ், இந்திய அணுசக்தித் துறையின் ஆரம்பகால எலெக்ட்ரானிக்ஸ் நிபுணர். மும்பை டிராம்பேயில் 1956-ல் இயங்கத் தொடங்கிய 'அப்சரா' அணு உலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள் அவருடைய குழுவின் கைவண்ணம். 1967-ல் ஹைதராபாத்தில் இசிஐஎல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதைக் கட்டி எழுப்பியவரும் அவர்தான். அணு உலைகளுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகளும் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளும் இன்றும் அங்கே தயாராகின்றன.

அதாவது, ஹெட்போனில் நீங்கள் கேட்டுப் பயப்படும் கருவியின் உறவுக்கார இயந்திரங்கள் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே உருவாகின்றன. ஆகவே இந்த கேம்களைப் புரிந்துகொள்ள அந்தச் சத்தத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

அந்த 'டிக்' எப்படி வருகிறது?

கைகர் கவுன்ட்டரின் உள்ளே இருப்பது ஒரு குழாய். அதில் குறைந்த அழுத்தத்தில் வாயு அடைக்கப்பட்டிருக்கும். நடுவில் மெல்லிய கம்பி, அதில் சில நூறு வோல்ட் மின்னழுத்தம். கதிர்வீச்சுத் துகள் ஒன்று குழாய்க்குள் நுழைந்தால், வாயு அணுக்களில் இருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்துவிடும். அவை கம்பியை நோக்கிப் பாயும் வழியில் இன்னும் பல எலெக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். கண் இமைக்கும் நேரத்துக்குள் ஒரு சிறு மின் துடிப்பு உருவாகிவிடும். அதை ஸ்பீக்கருக்கு அனுப்பினால் 'டிக்'. ஹான்ஸ் கைகரும் வால்ட்டர் முல்லரும் 1928-ல் இந்தக் குழாயை உருவாக்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கடிகாரத்தின் 'டிக் டிக்' சீராக வரும். கைகர் கவுன்ட்டர் அப்படி வராது. ஓர் அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், சத்தங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் தாறுமாறாகத்தான் இருக்கும். அடுத்த சத்தம் எப்போது என்று நம் மூளை கணக்குப் போட்டுப் பார்த்து ஒவ்வொரு முறையும் தோற்கிறது. காதைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கேம் தயாரிப்பாளர்கள் பயன்படுத்திக்கொள்வது இந்தப் பதற்றத்தைத்தான். பூதத்தைக் காட்டாமலே பயமுறுத்த இதைவிட மலிவான வழி கிடையாது.

இருட்டு எப்படி நண்பனாகிறது?

பேய்ப் படங்களில் இருட்டு என்றால் ஆபத்து. மெட்ரோ கேம்களில் பல இடங்களில் இருட்டுதான் உங்களைக் காப்பாற்றும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் கருவியில் ஒரு சின்ன விளக்கு. அது எரிந்தால் நீங்கள் வெளிச்சத்தில் நிற்கிறீர்கள், எதிரி கண்ணில் படுவீர்கள் என்று அர்த்தம். அதனால் சுரங்கத்தில் எரியும் பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே, பூனை மாதிரி நகர வேண்டும்.

இந்த உத்தி மெட்ரோ கண்டுபிடித்தது அல்ல. 1998-ல் வந்த 'தீஃப்' என்ற கேம் ஏற்கெனவே வெளிச்சத்தையும் காலடிச் சத்தத்தையும் வைத்தே முழு விளையாட்டையும் கட்டியிருந்தது. மெட்ரோ அதை அணுப்போருக்குப் பிந்தைய சுரங்கத்துக்குள் கொண்டுவந்தது.

ஏன் இது 'ஃபர்ஸ்ட் பெர்சன்' பார்வையில் இவ்வளவு வேலை செய்கிறது? கேமரா கதாபாத்திரத்தின் பின்னால் இருக்கும் கேம்களில், மூலைக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்துவிடலாம். இங்கே கேமரா உங்கள் கண்தான். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைக் காதால் மட்டுமே தெரிந்துகொள்ள முடியும். அதனால்தான் இந்த கேம்களை மொபைல் ஸ்பீக்கரில் அலறவிட்டு விளையாடினால் சப்பென்று இருக்கும். நல்ல ஹெட்போன் இருந்தால் வேறு கேம்.

துப்பாக்கி ரவையே காசு என்றால்?

மெட்ரோவின் உலகத்தில் ரூபாயும் இல்லை, ரூபிளும் இல்லை. போருக்கு முன்பு தயாரான தரமான ராணுவ ரவைகள்தான் நாணயம். சுரங்கவாசிகள் கையால் செய்த மட்டமான ரவைகளும் உண்டு, ஆனால் அவற்றுக்கு வீரியம் குறைவு. எதிரி நெருங்கும்போது நல்ல ரவையைப் போட்டுச் சுட்டால் சீக்கிரம் விழுவான். ஆனால் நீங்கள் சுட்டது உங்கள் பர்ஸில் இருந்த பணத்தை. மாசக் கடைசியில் ஆட்டோவா, பஸ்ஸா என்று யோசிக்கும் அதே கணக்குதான்.

முகமூடியும் அப்படியே. மேல்தளத்துக்குப் போனால் வடிகட்டியின் ஆயுள் நிமிடக் கணக்கில் குறைந்துகொண்டே வரும். தீரப்போகிறது என்றால் மூச்சு கரகரக்க ஆரம்பிக்கும். அடி பட்டால் முகமூடிக் கண்ணாடியில் விரிசல் விழும். டார்ச்சின் பேட்டரி மங்கினால் கையாலேயே பம்ப் செய்து சார்ஜ் ஏற்ற வேண்டும். இதையெல்லாம் திரையின் ஓரத்தில் எண்ணாகக் காட்டிவிட்டால் நீங்கள் எண்ணைத்தான் பார்ப்பீர்கள். மூச்சாகவும் மங்கும் வெளிச்சமாகவும் காட்டும்போது உங்கள் உடம்பே எச்சரிக்கை மணியாகிவிடுகிறது. 'ரேஞ்சர்' நிலையைத் தேர்ந்தெடுத்தால் திரையில் எஞ்சியிருக்கும் தகவல்களும் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. பிச்சை கேட்பவருக்கு ஒரு ரவை கொடுத்தீர்களா, மறைந்திருந்து மற்றவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டீர்களா, கொல்லாமல் விட்டீர்களா என்று மெட்ரோ சத்தமில்லாமல் கணக்கு வைத்துக்கொள்ளும். கதையின் முடிவு அதைப் பொறுத்து மாறும். ஒளிந்து போவது இங்கே உயிர் பிழைக்கும் தந்திரம் மட்டுமல்ல. எதிரியும் வீடு, பிள்ளை, குளிர் என்று புலம்பும் மனுஷன்தான் என்று தெரிந்துகொள்ளக் கிடைக்கும் அவகாசமும் அதுதான்.

இந்த கேம்கள் ஏன் உக்ரைனில் இருந்து வந்தன?

1986 ஏப்ரல் 26 அதிகாலை, செர்னோபில் அணுமின் நிலையத்தின் 4-வது உலை வெடித்தது. பக்கத்தில் இருந்த பிரிபியாட் நகர மக்கள் சுமார் 49,000 பேர் மறுநாள் வெளியேற்றப்பட்டார்கள். சில நாள்களில் திரும்பிவிடலாம் என்று நினைத்துக் கிளம்பியவர்கள். யாரும் வாழத் திரும்பவில்லை. பள்ளிக்கூடம், ராட்டினம் எல்லாம் அப்படியே நின்றுபோயின. உக்ரைன் தலைநகர் கீவில் இருந்து அந்த இடம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான்.

கீவில் இயங்கிய ஜிஎஸ்சி நிறுவனம் 2007-ல் 'ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்' கேமை வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து முன்னால் இருக்கிறதா என்று பார்க்க, அதில் நீங்கள் ஓர் இரும்பு போல்ட்டை எறிந்து பார்க்க வேண்டும். ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் 1972-ல் வெளியிட்ட 'ரோட்சைட் பிக்னிக்' நாவலும், அதை வைத்து தார்க்கோவ்ஸ்கி 1979-ல் எடுத்த படமும்தான் இந்த கேமுக்கு மூலம். ஜிஎஸ்சியில் இருந்து பிரிந்து வந்தவர்கள் தொடங்கிய '4ஏ கேம்ஸ்' நிறுவனம், ரஷ்ய எழுத்தாளர் டிமித்ரி குளுகோவ்ஸ்கியின் நாவலை வைத்து 2010-ல் 'மெட்ரோ 2033' கேமைத் தந்தது. 'லாஸ்ட் லைட்' 2013-லும், 'எக்ஸோடஸ்' 2019-லும் வந்தன.

பிறகு நடந்தது எந்தக் கதாசிரியரும் எழுதத் தயங்கியிருக்கக்கூடியது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்தது. செர்னோபில் வளாகமே சில வாரங்கள் ரஷ்யப் படைகளின் கையில் இருந்தது. குண்டு வீச்சுக்குப் பயந்து கீவ் மக்கள் மெட்ரோ ரயில் நிலையங்களில் இறங்கிப் படுத்தார்கள். சுரங்க ரயில் நிலையத்தில் வாழும் மனிதர்கள் என்ற கற்பனை, அதை கேமாக்கிய ஊரிலேயே நிஜமாகிவிட்டது. ஜிஎஸ்சி குழுவில் ஒரு பகுதியினர் செக் தலைநகர் பிராக்குக்கு இடம்பெயர்ந்தார்கள். அந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த வொலொதிமிர் யெஷோவ் 2022 டிசம்பரில் போர்முனையில் உயிரிழந்தார். போரை எதிர்த்த குளுகோவ்ஸ்கிக்கு, அவர் நாட்டில் இல்லாத நிலையிலேயே, 2023 ஆகஸ்டில் மாஸ்கோ நீதிமன்றம் 8 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. இத்தனைக்கும் நடுவில் 'ஸ்டாக்கர் 2' 2024 நவம்பரில் வெளிவந்தது.

கேமில் எது உண்மை, எது கதை?

சில விஷயங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முகமூடி: கதிரியக்கத் தூசி உடம்புக்குள் போகாமல் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் காமா கதிர் முகமூடியைத் துளைத்துக்கொண்டு போய்விடும். அதற்கு ஈயம், கான்கிரீட் மாதிரி கனமான தடுப்பு வேண்டும்.

மருந்து: 'ஃபால்அவுட்' கேம்களில் ஒரு பை மருந்து ஏற்றினால் கதிர்வீச்சு இறங்கிவிடும். 'ஸ்டாக்கர்' கேமில் வோட்கா குடித்தாலே போதும். நிஜத்தில் அப்படி ஒரு மருந்து இல்லை. பொட்டாசியம் அயோடைடு தைராய்டு சுரப்பியைக் கதிரியக்க அயோடினில் இருந்து காக்கும், அவ்வளவுதான். உடம்புக்குள் போன சீசியத்தை வெளியேற்ற 'பிரஷ்யன் ப்ளூ' உதவும். ஏற்கெனவே பட்ட கதிரின் பாதிப்பைக் குடித்துக் கழுவ முடியாது. வோட்கா சும்மா.

கவுன்ட்டர் சத்தம்: 'டிக்' கேட்டாலே ஆபத்து என்று கேம் பழக்கிவிடுகிறது. உங்கள் ஃபிளாட்டில் வைத்தாலும் கைகர் கவுன்ட்டர் அவ்வப்போது சத்தம் போடும். மண், பாறை, விண்வெளி எல்லாவற்றில் இருந்தும் இயற்கையான கதிர்வீச்சு வருகிறது. உலக சராசரி ஆண்டுக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரைகளில், மணலில் மோனசைட் இருப்பதால் இது இன்னும் கூடுதல்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வித்தியாசம் வேறு. கேமில் ஆபத்து வந்தால் கருவி சத்தம் போடும். நிஜ வாழ்க்கையில் பெரும்பாலானவர்கள் கையில் கருவியே இருக்காது. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்தது அதுதான். டெல்லி பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பயன்படாமல் கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் காயலான் கடைக்குப் போனது. அதற்குள் கோபால்ட்-60 இருந்தது. என்னவென்று தெரியாமலேயே தொழிலாளர்கள் அதைப் பிரித்தார்கள். தோல் கருத்தது, முடி கொட்டியது. பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் உயிரிழந்தார். அங்கே வாசனை இல்லை, வெளிச்சம் இல்லை, ஒரு 'டிக்' சத்தம்கூட இல்லை.

அப்படியானால் என்னதான் செய்வது?

கதிர்வீச்சுப் பாதுகாப்பில் உலகம் முழுக்கச் சொல்லித்தரும் விதிகள் மூன்று: நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, தடுப்பை வை. சிறிய கதிர்வீச்சு மூலத்தில் இருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால், படும் கதிர் நான்கில் ஒரு பங்காகக் குறையும். நிதானமாக யோசித்தால், மெட்ரோவில் எதிரியிடம் இருந்து தப்பிக்க நீங்கள் செய்வதும் இதேதான். வெளிச்சத்தில் குறைந்த நேரம், எதிரியிடம் இருந்து அதிக தூரம், நடுவில் ஒரு சுவர்.

இதுவரை விளையாடியதில்லை என்றால், 2014-ல் மெருகேற்றி வெளியான 'மெட்ரோ 2033 ரிடக்ஸ்' கேமில் இருந்து ஆரம்பிக்கலாம். முதல் தடவை சாதாரண நிலையே போதும். முடிந்தவரை சுடாமல் போய்ப் பாருங்கள், காவலர்கள் பேசுவதை நின்று கேளுங்கள். பெரிய திறந்த உலகம் பிடிக்கும் என்றால் 'ஸ்டாக்கர்' பக்கம் போகலாம், ஆனால் அதற்குப் பொறுமை ஜாஸ்தி வேண்டும். மறுநாள் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங் இருந்தால் 12 மணிக்கு நிறுத்திக்கொள்வது உங்கள் பொறுப்பு.

காலையில் இசிஐஎல் கிராஸ் ரோட்ஸ் சிக்னலில் நிற்கும்போது ஏதாவது ஒரு கடை போர்டில் 'ஏ.எஸ்.ராவ் நகர்' என்று கண்ணில் படும். கண்ணுக்குத் தெரியாததை அளக்கும் கருவிகளை இந்த நாட்டிலேயே செய்ய முடியும் என்று நம்பி உழைத்த ஒருவரின் பெயர் அது. பிரிபியாட்டில் இருந்து கிளம்பியவர்களுக்கும், மாயாபுரியில் அந்தப் பெட்டியைப் பிரித்தவர்களுக்கும் சரியான நேரத்தில் கேட்காமல் போனது, நேற்று ராத்திரி நீங்கள் ஹெட்போனில் கேட்ட அதே சத்தம்தான்.