பிரின்டருக்குள் ஒரு போர்க்களம்!

ஆபீஸ் கலர் பிரின்டரைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நாலு மை. இதில் அவசரமான நேரம் பார்த்துத் தீர்ந்துபோய் என் மானத்தை வாங்குவது எப்பவும் மெஜந்தாதான். அதென்ன ஸார் பெயர், மெஜந்தா? பூவா, பழமா என்று அகராதியைப் புரட்டினேன். இரண்டும் இல்லை. ஒரு யுத்தம்!

இத்தாலியில் மிலானுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர் மெஜந்தா. 1859 ஜூன் 4-ம் தேதி பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனின் படை, அங்கே ஆஸ்திரியர்களைத் தோற்கடித்தது. இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள்.

அதே வருஷம் பிரான்ஸில், லியோன் நகரத்து வெர்கேன் என்பவர் அனிலினிலிருந்து பளீரென்று ஒரு சிவப்புச் சாயம் கண்டுபிடித்திருந்தார். (அனிலின் என்ற பெயருக்கு மூலம் எது தெரியுமோ? அவுரிச் சாயத்தைக் குறிக்கும் நம்ம ஊர் 'நீலம்'தான்!) முதலில் வைத்த பெயர் ஃபூக்ஸின். ஃபூக்ஸ் என்றால் ஜெர்மனில் நரி. அதைத் தயாரித்து விற்ற கம்பெனி ரெனார் சகோதரர்கள். ரெனார் என்றால் பிரெஞ்சில்... அதுவும் நரிதான்!

நரிப் பெயரைவிடப் போர்ப் பெயருக்கு மவுசு அதிகம். வெற்றிச் செய்தியின் சூடு ஆறுவதற்குள் சாயத்துக்கு 'மெஜந்தா' என்று பெயர் மாறியது. சீமாட்டிகளின் பட்டுக் கவுன்களில் ஏறியது. போட்டுக்கொண்டவர்களில் எத்தனை பேர் செத்த சிப்பாயை நினைத்திருப்பார்கள்?

இருபதே நாளில், ஜூன் 24-ல், சோல்ஃபெரினோவில் அடுத்த யுத்தம். அந்தப் பெயரிலும் ஒரு கலர் வந்தது! ஆனால் அங்கே கவனிப்பாரில்லாமல் கிடந்த காயம்பட்டவர்களை ஒரு மனிதர் பார்த்துவிட்டார். ஜெனீவா வியாபாரி ஹென்றி டுனான். பார்த்ததைப் புத்தகமாக எழுதினார். 1863-ல் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. 1901-ல் அமைதிக்கான முதல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு.

சோல்ஃபெரினோ கலரை இன்று எந்தக் கடையில் கேட்டாலும் முழிப்பார்கள். செஞ்சிலுவையைத் தெரியாதவர் உண்டா?

நம் ஜவுளிக் கடைகளில் மெஜந்தாவுக்கு ரொம்பக் கிட்டத்தில் ஒரு கலர் உண்டு. பெயர் 'வாடாமல்லி'. புடவைக்கு எனக்கு அந்தப் பெயரே போதும். பூவும் வாடாது, யாரும் சாகவும் வேண்டாம்!