கண் தாண்டிச் செல்லும் பிழை

1962-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், வெள்ளிக் கோளை ஆராய்வதற்காக அமெரிக்கா மாரினர்-1 என்னும் விண்கலத்தை ஏவியது. ராக்கெட் பாதை தவறவே, 293-ஆவது நொடியில் அதை வானிலேயே வெடிக்கச் செய்ய நேர்ந்தது. வழிகாட்டும் கருவியில் பழுது ஏற்பட்டிருந்தது. அதோடு, கணிப்பொறிக்கு எழுதிய கட்டளைகளில் ஒரு சிறு கோடு விடுபட்டிருந்ததும் பின்னர் தெரியவந்தது. தேர்ந்த வல்லுநர்களின் கண்ணுக்கே இக்குறை தப்பியது எப்படி?

விடை நாம் படிக்கும் முறையில் இருக்கிறது. படிக்கும்போது கண் வரியின்மீது சீராக ஊர்வதில்லை. தாவித் தாவிச் செல்கிறது. தாவல்களுக்கு இடையே சுமார் கால் நொடி நிற்கிறது. அந்த நேரத்தில்தான் எழுத்துகள் தெரிகின்றன. அப்போதும் விழித்திரையின் நடுக்குழியில் விழும் சில எழுத்துகளே தெளிவாக இருக்கும். எஞ்சியதை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. நாமே எழுதியதாயின் பொருள் முன்பே மனத்தில் இருக்கும். ஆகவே தாளில் இருப்பதை விட்டு, இருக்க வேண்டியதைப் படித்துவிடுகிறோம்.

தமிழில் ஓர் ஒற்றே பொருளை மாற்றிவிடும். 'வேலை கொடுத்தான்' என்றால் பணி தந்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேலாயுதத்தைத் தந்தான். 'தாளை எறி' என்பதற்கும் 'தாளை எரி' என்பதற்கும் ஓரெழுத்தே வேறுபாடு. இரண்டும் சரியான சொற்களாதலால் கணிப்பொறியின் பிழைதிருத்தியும் இவற்றைக் கவனியாது விடக்கூடும்.

எண்களில் ஆபத்து இன்னும் மிகுதி. மருந்துச் சீட்டில் '1.0 மில்லிகிராம்' என்பதில் புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும். '.5' என்பது 5 ஆகிவிடும். இரண்டிலும் நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து! ஆகவேதான் '1' என்றும் '0.5' என்றும் எழுதும்படி மருத்துவத் துறையில் வலியுறுத்துகின்றனர். பிழை நேர இடம் தராமல் எழுதுவதே முதல் பாதுகாப்பு.

அடுத்தது, கண்ணைத் தாவவிடாமல் மெய்ப்புப் பார்ப்பது. அதற்குச் சில வழிகள்:

1. எழுதியதை ஓரிரவு ஆறப்போட்டுப் பிறகு பாருங்கள். மனத்திலுள்ள வாசகம் சற்று மறந்திருக்கும்.

2. வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்து, வாய்விட்டு நிதானமாகப் படியுங்கள்.

3. ஒரு முறைக்கு ஒன்றையே தேடுங்கள். முதலில் பொருள், அடுத்து ஒற்றும் எழுத்தும், இறுதியில் எண்கள்.

4. கடைசி வாக்கியத்திலிருந்து முன்னோக்கி வாருங்கள். தொடர்ச்சி அறுவதால் ஊகத்துக்கு இடமிராது.

5. எண்களை ஒருவர் மூலத்திலிருந்து படிக்க, மற்றவர் படியில் ஒப்பிடட்டும்.

மாரினர்-1-க்குப் பின் ஆகஸ்ட் 27-இல் மாரினர்-2 ஏவப்பட்டது. அது டிசம்பர் 14-இல் வெள்ளியை நெருங்கிச் சென்று செய்திகள் அனுப்பியது. விண்கலத்துக்கு இரண்டாம் முயற்சி வாய்த்தது. தவறான அளவில் மருந்தை உட்கொண்ட நோயாளிக்கு அது வாய்க்குமென்று சொல்ல முடியாது. எனவே கையொப்பமிடுமுன் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுங்கள்.