பழைய கணினியில் விண்டோஸ் 11: நிறுவும் முன் கவனிக்க

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025-இல் முடிந்தது. கணினி நின்னு போகாது. பாதுகாப்புப் புதுப்பிப்புதான் நிற்கும். பினாங்கில் பழைய மடிக்கணினியில் எஸ்பிஎம் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்ன செய்யலாம்?

விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும் புதிய செயலியையும் கேட்கும். முதலில் பயோஸ் அமைப்பில் டிபிஎம் அணைந்திருக்கிறதா பாருங்கள். சில கணினிகளில் அதை இயக்கினாலே போதும்.

செயலியே பழசா? ரூஃபஸ் மென்பொருளால் விரலி தயாரித்துச் சோதனையைத் தாண்டலாம். ஆனா, நிறுவுறது வேற, புதுப்பிக்கிறது வேற. ஆண்டுப் பெரும் புதுப்பிப்பு தானாக வராமல் போகலாம். மறுபடியும் விரலியைத் தேடணும். மைக்ரோசாப்டும் பொறுப்பேற்காது.

லினக்ஸ் மின்ட்டை விரலியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு.

எதுவானாலும் இடுபணிகளை முதலில் நகலெடுங்கள். தேர்வு நெருங்கும்போது இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.